எக்காளமும் இரங்கற்பண்ணும்

எக்காளம் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனத்தில் எழுங் காட்சிகள் ஒருபடித்தானவை. எரிகோவின் மதில்கள் இடிந்து விழுகின்றன, அரசர் பவனி வருகின்றார், படை புறப்படுகின்றது, அன்றேல் கடைசி நாளிற் கல்லறைகள் திறக்கின்றன. வேதாகமத்தைப் படித்து வளர்ந்த நமக்கு எக்காளம் ஆணையிடுங் கருவி. அது தனியே அமர்ந்து துக்கங் கொண்டாடும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை. எனினும் 1939ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சுவிட்சர்லாந்து தேசத்து மலைக்கிராமம் ஒன்றிற் குடியிருந்த ஜெர்மானிய இசைப்புலவர் ஒருவர், எக்காளத்தையும் பியானோவையுஞ் சேர்த்து ஓர் உருப்படி இயற்றி, அதன் முடிவில் எக்காளத்தின் வாயினின்று ஒரு சாவுப்பாட்டை எழுப்பினார். அவர் பவுல் ஹிண்டமித். அவ்வுருப்படியைப் பற்றியே ஈண்டுச் சிறிது எழுத முற்படுகின்றோம்.

முதற்கண் பெயரை விளக்குதல் நலம். ஸொனாட்டா என்பது 'ஒலித்தல்' என்று பொருள்படும் இத்தாலிய வினையினின்று பிறந்த சொல். வாயாற் பாடுதற்குரியது காண்டாட்டா. கருவியால் ஒலித்தற்குரியது ஸொனாட்டா. காலப்போக்கில் இச்சொல், ஒன்றிரண்டு கருவிகளுக்கென மூன்று அல்லது நான்கு பகுதிகளாக வகுத்து இயற்றப்படும் உருப்படிக்குப் பெயராயிற்று. இவ்வகை இசையை மேனாட்டார் 'அறையிசை' என்னும் பொருள்பட வழங்குவர். பெரிய கூடத்தில் ஆயிரம் பேர் கேட்டற்கன்றி, ஓர் அறையிற் சிலர் நெருங்கியமர்ந்து கேட்டற்கென எழுந்தது அது. இவ்விடத்திலேயே ஒரு முரண் இருத்தலை வாசகர் காணலாம். வெளியில் முழங்கற்பாலதாகிய எக்காளத்தை ஓர் அறைக்குள் அழைத்து வந்து, பியானோவோடு உரையாடச் செய்வது எங்ஙனம்?

இது வெறும் ஓசைமிகுதி பற்றிய வினாவன்று. கருவியின் இயற்கையையே பொறுத்தது. துளையற்ற நீண்ட குழலொன்றை ஊதுபவன், உதட்டின் இறுக்கத்தை மாற்றி எல்லாச் சுரங்களையும் எழுப்பிவிட முடியாது. குழலின் நீளத்திற்கேற்ப இயல்பாய் அமைந்த சில சுரங்களே அதினின்று வரும். ஆதார சட்சத்தை நம் மரபிற் 'ச' என்று கொண்டால், அதன் மேல் வருவன ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப என்னும் வரிசையே. இடையிலுள்ள சுரங்கள் மிக உயர்ந்த ஸ்தாயியில் மட்டுமே நெருங்கி வரும். படைவீடுகளில் ஊதப்படும் அழைப்புகள் யாவும் ஒன்றுபோல் ஒலிப்பதற்குக் காரணம் இவ்வறுமையே. பாக் முதலிய பழைய ஆசிரியர்கள் எக்காளத்திற்கு எழுதியவை உயர்ந்த ஸ்தாயியிலேயே நின்றமைக்கும் இதுவே காரணம். ஹைடன் 1796ஆம் ஆண்டில் இயற்றிய எக்காள உருப்படி, குழலிற் துளையிட்டு மூடிகள் பொருத்திய புதுக்கருவியொன்றைக் கருதியது. அக்கருவி நெடுநாள் நிலைக்கவில்லை.

பின்னர் ஷ்டோல்ட்ஸெல், புளூமெல் என்னும் ஜெர்மானியர் இருவர் 1818ஆம் ஆண்டிற் பிரஷ்ய அரசாங்கத்தினிடம் உரிமை பெற்ற வால்வு என்னும் அமைப்பு இக்குறையைத் தீர்த்தது. இக்காலத்து டிரம்பெட்டில் மூன்று வால்வுகள் உள. நடுவிலுள்ளதை அழுத்தினால் காற்று சிறிது சுற்றிச்செல்ல, சுரம் அரைப்படி தாழும். முதலாவது ஒரு படி தாழ்த்தும். மூன்றாவது ஒன்றரைப் படி தாழ்த்தும். மூன்றையுங் கூட்டியும் பிரித்தும் அழுத்துதலாற் பன்னிரு சுரங்களும் கைவரும். ஆயினும் மேனாட்டுப் பெரும்புலவர்கள் இக்கருவியை வாத்தியக் கூட்டத்தினுள்ளேயே வைத்தார்களன்றி, அறைக்குள் அழைக்கவில்லை. வயலினுக்கும் பியானோவுக்கும் பேத்தோவன் ஒருவரே பத்து ஸொனாட்டாக்கள் இயற்றியிருக்க, வால்வு டிரம்பெட்டுக்கும் பியானோவுக்கும் உரிய ஸொனாட்டா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அருமையாகவே இருந்தது.

அக்குறையை ஹிண்டமித் நன்குணர்ந்தவர். அவர் ஏட்டளவிற் புலவரல்லர். கருவி கையாளுந் தொழிலாளி. 1895ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ஹானாவ் என்னும் ஊரிற் பிறந்து, இருபது வயதளவில் பிராங்க்பர்ட் நாடகவிசை அரங்கில் வயலின் வாசிப்போருக்குத் தலைவரானார். பின்பு வியோலா என்னுஞ் சற்றுப் பெரிய வயலினைத் தமக்குரிய கருவியாகக் கொண்டு தேசந்தோறும் வாசித்தார். தாம் எழுதும் எந்தக் கருவியையும் ஓரளவேனும் தாமே வாசித்துப் பார்க்க வேண்டுமென்பது அவர் கொள்கை. 1935ஆம் ஆண்டு தொடங்கி இருபது ஆண்டுகளில் வாத்தியக் கூட்டத்திலுள்ள கருவிகள் ஏறக்குறைய ஒவ்வொன்றிற்கும் ஒரு ஸொனாட்டா எழுதி வைத்தார். புல்லாங்குழல் 1936, ஓபோவும் பஸூனும் 1938, கிளாரினெட், கொம்பு, டிரம்பெட், யாழ் ஆகியவை 1939, டிராம்போன் 1941, டபிள் பாஸ் 1949, எவரும் பொருட்படுத்தாத டூபாவுக்குங்கூட 1955இல் ஒன்று கிடைத்தது. அறியாதார் இதனை ஒரு கடைக்காரர் தம் சரக்கை எண்ணி அடுக்கியது போலக் கருதக்கூடும். நாமும் முன்பு அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் டிரம்பெட் ஸொனாட்டாவைக் கேட்டபின் அவ்வெண்ணம் நம்மை விட்டகன்றது. இயற்றியவரே தம் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், அண்மையில் தாம் செய்தவற்றுள் இதுவே சிறந்ததாதல் கூடுமென்று குறித்துள்ளார்.

நிற்க. 1939ஆம் ஆண்டில் இவர் தம் தேசத்தை விட்டு ஏன் மலைக்கிராமத்தில் இருந்தார் என்பதை அறியாமல் இவ்வுருப்படியை அறிதல் இயலாது.

முதல் உலக யுத்தத்தில் அவருடைய தந்தையார் 1915ஆம் ஆண்டில் போர்முனையில் மாண்டார். ஹிண்டமித்தும் பின்னர்ப் படையிற் சேர்க்கப்பட்டு, படைப்பிரிவின் வாத்தியக் கூட்டத்திற் பேரிகை கொட்டினார். இசைப்பிரியரான தம் படைத்தலைவருக்காக நால்வர் கூடி வயலின்கள் வாசிப்பதும் உண்டு. 1918ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒருநாள், பிரெஞ்சுப் புலவர் டெபூஸியின் நால்வரிசையை அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கையில், அந்த டெபூஸியே இறந்தார் என்னுஞ் செய்தி வானொலித் தந்தி வாயிலாக வந்தது. வாசிப்பவர் வில்லைத் தாழ்த்தினர். மேலே வாசிக்க அவர்களுக்கு மனமில்லை. பகைநாட்டான் ஒருவனுக்காக ஜெர்மானியப் படைவீடொன்றில் நிகழ்ந்த அம்மௌனத்தை ஹிண்டமித் தம் வாழ்நாள் முழுதும் மறந்தாரல்லர். இசை நாட்டெல்லைகளைக் கடந்தது என்பதை அன்றே தாம் முற்றும் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் அவர் எழுதியுள்ளார்.

1927 முதல் அவர் பெர்லின் இசைக்கல்லூரியில் ஆசிரியர். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபொழுது அவர் புகழ் உச்சத்தில் இருந்தது; ஆனால் அவருடைய இளமைக்காலத்து நாடகவிசைகள் சிலவற்றை ஹிட்லர் வெறுத்தார். மேலும் அவர் மனைவியார் கெர்ட்ரூட் யூத வழித் தந்தைக்குப் பிறந்தவர். 1934ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் புர்ட்வெங்லர் என்னும் பேர்பெற்ற நடத்துநர் ஹிண்டமித்தின் 'மாத்திஸ்' என்னும் இசையைப் பெர்லினில் அரங்கேற்றிப் பெருவெற்றி கண்டார். எதிர்ப்பு மூளவே, அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாட் பத்திரிகையொன்றில் ஹிண்டமித்திற்காகப் பரிந்து எழுதினார். பத்து நாளைக்குள் புர்ட்வெங்லர் தம் பதவிகளினின்று விலக நேர்ந்தது. கோயபெல்ஸ் பெருங்கூட்டத்திற் பேசுகையில் ஹிண்டமித்தைச் சுருதிகெட்ட ஓசை எழுப்புபவர் என இகழ்ந்தார்.

இவ்விடத்தில் நம் புலவரை வீரராகச் சித்திரித்து மகிழ்வது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. அவர் உடனே வெளியேறவில்லை. புயல் ஓய்ந்துவிடும் என்று காத்திருந்தார். துருக்கி அரசாங்கத்திற்கு இசைக்கல்வி பற்றி ஆலோசனை கூறச் சென்று வந்தார். 1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணத்திலுங் கையொப்பமிட்டார். அதனாற் பயன் விளையவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் அவருடைய உருப்படிகளை ஜெர்மனியில் வாசித்தல் தடுக்கப்பட்டது. 1937இல் ஆசிரியப் பணியைத் துறந்தார். 1938ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் டுஸல்டார்ப் நகரில் 'இழிந்த இசை' என்னும் பெயரால் நாஜிகள் ஒரு காட்சி திறந்து, விலக்கப்பட்ட பிற புலவர்களோடு அவரையும் அதில் வைத்தனர். நான்கு நாட்களின் பின் 'மாத்திஸ்' நாடகவிசை முழுவதும் ஜெர்மனிக்கு வெளியே சூரிச் நகரில் முதன்முறையாக நடிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் கணவனும் மனைவியுமாக எல்லையைக் கடந்து, வாலே மாநிலத்து ப்ளூஷ் என்னும் மலைக்கிராமத்தில் வீடு அமர்த்திக் கொண்டனர். ஓராண்டு கழிந்தவுடன் போலந்தின்மேற் படை ஏவப்பட, ஐரோப்பா மறுபடியும் யுத்தத்துள் வீழ்ந்தது. டிரம்பெட் ஸொனாட்டா அந்த யுத்தத்தின் மூன்றாம் மாதத்திற் பிறந்தது.

உருப்படி மூன்று பகுதிகளை உடையது. வாசிக்க ஏறக்குறையக் கால்மணி நேரமாகும். முதற் பகுதிக்கு ஆசிரியர் இட்ட குறிப்பு 'வலிமையோடு' என்பதே. பியானோவின் உறுதியான நடைமேல் எக்காளம் அகன்ற பெருமிதமான பாடலொன்றை எடுக்கின்றது. அப்பாடலிற் சட்சத்தினின்று மத்திமத்திற்கும் பஞ்சமத்திற்கும் உள்ள தூரங்களைப் போன்ற பெருந்தாவல்கள் மிகுதி. இஃது தற்செயலன்று. 1937இல் வெளியிட்ட இசையிலக்கண நூலில் ஹிண்டமித், சுரங்களுக்கிடையேயுள்ள உறவுகள் மனிதர் வகுத்தவையல்ல, ஒலியின் இயற்கையிலேயே அமைந்தவை என்று வாதித்து, அவற்றுள் மூத்தவை பஞ்சமமும் மத்திமமும் என்றார். அவை ஊதுகுழலினின்று தாமே பிறக்குஞ் சுரங்களாதலை மேலே கண்டோம். ஆகவே இங்கே புலவரின் கொள்கையும் கருவியின் இயற்கையும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. அவர் இசை சுருதிகெட்டது என்று இகழ்ந்தவர் இதனைச் செவிகொடுத்துக் கேட்டிருப்பின், ஒவ்வொரு பகுதியும் ஓர் ஆதாரச் சுரத்தை நாடிச் சென்று அதன்மேல் இளைப்பாறுதலை அறிந்திருப்பர். பழைய மேஜர் மைனர் வழிகளில் அது செல்லவில்லை என்பது மெய்யே. முதன்முறை கேட்பார்க்குச் சில கூட்டொலிகள் புளிப்பாகவே இருக்கும்.

இம்முதற் பகுதியிற் பியானோவைப் பக்கவாத்தியம் என்று கொள்ளுதல் பெரும்பிழை. எக்காளம் ஓய்ந்தபொழுதும் அது ஓயாமற் தன் வழியே செல்கின்றது. இருவரும் ஒருவரையொருவர் நெருக்குகின்றனர். சிற்சில இடங்களில் எக்காளமே அமிழ்ந்துவிடுமோ என்று அஞ்சுகின்றோம். பியானோ பயிலும் மாணவர் சிலர் 'டிரம்பெட்டுக்குத் துணைதானே' என்று இதனை எளிதாக எண்ணி எடுத்து, இரண்டாம் பக்கத்திற் கைநோவக் காணலாம்.

இரண்டாம் பகுதி சிறியது. மிதமான நடையில் தொடங்கி, இடையில் விரைந்து, மீண்டும் தணிவது. இதனை விளையாட்டு என்போர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. துக்கவீட்டிற் குழந்தைகள் மெல்ல விளையாடுவதைப் போன்ற ஓர் அடக்கம் இதில் உண்டு. இதைப்பற்றி அதிகம் சொல்லுவதற்கில்லை. இதன் தொழில் முதற் பகுதியின் வன்மையையும் மூன்றாம் பகுதியின் பாரத்தையும் பிரித்து நிறுத்துவதே.

மூன்றாவதே இவ்வுருப்படியின் உயிர். தலைப்பு 'இரங்கற்பண்'. மிகமெதுவான சவ ஊர்வலத்தின் நடை. இடையில் அமைதியாக நகரும் வேறொரு பாகம். பின்பு மறுபடியும் முதல் நடை. ஹிண்டமித்திற்கு இத்தலைப்புப் புதியதன்று. 1936ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இங்கிலாந்து தேசத்தில் வாசிப்பதற்காக அவர் இலண்டன் சென்றிருந்தபொழுது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலமானார். மறுநாள் வானொலி நிலையத்தார் அறையொன்று கொடுக்க, காலை பதினொரு மணிக்கு அமர்ந்து மாலை ஐந்து மணிக்குள் வியோலாவுக்கும் தந்திக்கருவிகளுக்குமாக ஓர் இரங்கற்பண் இயற்றி முடித்தார். அதற்கடுத்த நாள் அது ஒலிபரப்பாயிற்று. அதன் முடிவிலும் ஒரு திருச்சபைப் பாட்டு வருகின்றது. அப்பாட்டின் இராகம் பழைய நூறாம் சங்கீதத்திற்குரியதென்று நம் கோவில்களில் யாவரும் அறிந்ததே என்றாலும், ஜெர்மானியருக்கு அது 'நின் சிங்காசனத்தின் முன் வருகின்றேன்' எனத் தொடங்கும் பாட்டு. அந்தச் சாவு ஓர் அரசருடையது. ஸொனாட்டாவின் சாவு எவருடையது?

அதற்கு விடை பகுதியின் இறுதியில் வருகின்றது. ஊர்வல நடை அடங்கியபின், எக்காளம் பழைய லுத்தரன் பாட்டொன்றை வரிவரியாக நீளச் சுரங்களில் ஊத, பியானோ அதன்கீழ் அசைந்து செல்கின்றது. அச்சிட்ட தாளில் அவ்விடத்தின்மேற் பாட்டின் முதலடியே தலைப்பாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் பொருள் 'மாந்தர் யாவரும் இறத்தல் வேண்டும்' என்பது.

லுத்தரன் திருச்சபைப் பாட்டு என்பது இன்னதென நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1706ஆம் ஆண்டிற் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவர் வழிவந்தோரும் ஜெர்மானியப் பாட்டுகளைத் தமிழாக்கி, அவ்விராகங்களிலேயே பாடுவித்தனர். கீர்த்தனைக்கு வேறாக ஞானப்பாட்டு என்று நாம் வழங்குவது அம்மரபே. சபையார் அனைவரும் சேர்ந்து, மெதுவாய், ஒவ்வொரு அடியின் முடிவிலும் மூச்செடுத்துப் பாடும் அந்த முறையை நினைத்துக்கொண்டால் ஹிண்டமித்தின் எக்காளம் என்ன செய்கின்றதென்பது விளங்கும். சபை முழுதும் பாட வேண்டியதை ஒரு கருவி தனியே நின்று பாடுகின்றது.

பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த இப்பாட்டு நல்லடக்கத்திற்குரியது. இதனைத் தலைப்பாகக் கொண்டு பாக்கும் ஆர்கனுக்கு ஒரு சிறு உருப்படி இயற்றியுள்ளார். அவர் இசை பாட்டின் பின்னடிகளிலுள்ள பரலோக நம்பிக்கையைத் தழுவி இனிமையாய், ஆனந்தமாய் நடக்கின்றது. ஹிண்டமித் அங்ஙனம் செய்யவில்லை. அவர் எடுத்து நிறுத்துவது முதலடியை. அவ்வடியிலுள்ள சொற்களுள்ளும் கனமானது 'யாவரும்' என்பதே என்று நாம் கருதுகின்றோம். மாந்தரை இரத்தத்தால் உயர்ந்தோர் இழிந்தோர் எனத் தரம்பிரித்துச் சட்டமியற்றிய ஓர் அரசினின்று, அச்சட்டத்தாற் பழிக்கப்பட்ட மனைவியோடு வெளியேறிய ஒருவர், வெற்றிமுழக்கத்திற்கென்றே அந்த அரசு நாடோறும் ஊதுவித்த கருவியைக் கையிலெடுத்து, அதன் வாயில் 'யாவரும்' என்னும் ஒரு சொல்லை வைக்கின்றார். ஜெர்மானியச் செவி எதுவும் அப்பாட்டைத் தவறவிடாது. தாமே ஒருகால் பிரமாணத்திற் கையொப்பமிட்டவர் என்பதை நினைக்குங்கால், அந்த 'யாவரும்' என்பதனுள் தம்மையும் அடக்கியே எழுதினார் என்று தோன்றுகின்றது. இது நம் கருத்தேயாம். சுரங்களிற் சொல்லில்லை என்றும், இசைக்கு அரசியலில்லை என்றும் வாதிப்பார்க்கு நாம் கூறுவது ஒன்றே: சொல்லில்லாத பாட்டின்மேற் சொல்லைப் பொறித்து அச்சிட்டவர் ஆசிரியரே.

வாசிப்போர் பாடு தனி. முதற் பகுதியின் வன்மை ஊதுவோனின் உதட்டை நன்கு களைக்கச் செய்துவிடும். அக்களைப்போடே மூன்றாம் பகுதியின் நீண்ட அடிகளை நடுக்கமின்றித் தாங்கல் வேண்டும். டிரம்பெட்டில் ஓங்கி ஊதுதலினும் மெல்ல நீள ஊதுதலே கடினம். முதற் பகுதியிலே கைதட்டலை நாடி வலிமையனைத்தையும் செலவிடும் இளைஞர், பாட்டு வரும்போது கையிருப்பின்றி நிற்பர்.

1940ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹிண்டமித் அமெரிக்காவிற்குக் கப்பலேறினார். அவ்வாண்டு முதல் 1953 வரை யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தார். 1946இல் அத்தேசக் குடியுரிமை பெற்றார். பிற்பாடு சுவிட்சர்லாந்திற்கே திரும்பி, 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பிராங்க்பர்ட்டிற் காலமானார். ஸொனாட்டா இன்று எக்காளம் பயில்வோர் எவருங் கற்றே தீரவேண்டிய பாடங்களுள் ஒன்று. இசைத்தட்டுகள் பல உள்ளன. கானடா தேசத்துப் பியானோ வித்துவான் கிளென் கூல்டு, பிலடெல்பியா வாத்தியக் கூட்டத்தைச் சார்ந்த கில்பர்ட் ஜான்ஸனோடு 1970களிற் பதிவுசெய்த தட்டு, பியானோ இங்கே எத்துணைப் பங்குடையது என்பதைக் கேட்டறிய விரும்புவார்க்கு ஏற்றது. அதனைக் கேட்கும் மாணவர் மூன்றாம் பகுதியிற் பாட்டு எழும்பும் இடத்தில் எக்காளத்தை மட்டும் பின்தொடராமல், ஒருமுறையேனும் கீழே செல்லும் பியானோவின்மேற் செவியை வைப்பாராக. அடிகளுக்கிடையே எக்காளம் மூச்செடுக்கும் நேரத்திலும் அது நடந்துகொண்டே இருக்கின்றது.